பழமை போதாத வீடு

வீட்டுக்குப் பழமை போதவில்லை என்று நகர மண்டபத்திலிருந்து கடிதம் வந்த அன்று அந்த வீட்டுக்கு நூற்றுப் பதிமூன்று வயது. எர்மெலிண்டா அதை அடுப்படியில் நின்றபடியே படித்தாள். உட்கார்ந்தும் படித்திருக்கலாம். ஆனால் நாற்காலியில் வாளி இருந்தது. மூன்று நாளாக மழை. கூரையில் நான்கு ஓட்டைகள். கட்டிலுக்கு மேலே ஒன்று, அடுப்புக்கு மேலே ஒன்று, டிவிக்கு மேலே ஒன்று, குளியலறைக்கு மேலே ஒன்று. யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று அறைக்கு ஒன்றாகப் பங்கு வைத்தது போல இருக்கும்.

"என்ன எழுதியிருக்கான்?" என்றான் அடெலினோ. அவள் கணவன். கதவோரமாக உட்கார்ந்து, மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையின் கிழிசலுக்குப் பட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"நம்ம வீடு பழசு இல்லையாம்."

அடெலினோ அண்ணாந்து பார்த்தான். அவன் பிறந்தது அந்தக் கூரைக்குக் கீழேதான். "அப்ப இதெல்லாம் புது ஓட்டையா?"

கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர் ஸ்டர்ஜிஸ், பாதுகாப்பு நிதிக் குழுவின் தலைவர். அமெரிக்காவின் நார்த் பெல்லாமியில் வீட்டு வரியோடு நூற்றுக்கு மூன்று கூடுதலாக வாங்கி ஒரு நிதியில் போடுவார்கள். பழைய கட்டடங்களையும் திறந்தவெளிகளையும் காப்பாற்ற. மனிதர்களைக் காப்பாற்ற என்று எங்கேயும் எழுதவில்லை என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த நிதியில்தான் வெதரெல் குடும்பத்தின் பதினாலு ஏக்கர் கிரான்பெர்ரி வயலை நகரம் வாங்கியது. வயலோரத்தில் இருந்த இந்த நீள வீடும் சேர்ந்தே வந்தது. கேப் வெர்டே தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த பெர்ரி பறிப்பவர்களுக்காக வெதரெல்கள் கட்டிய வீடு. ஒரு காலத்தில் முப்பது பேர் வரிசையாகப் படுத்தது. இப்போது இரண்டு பேர், நான்கு வாளிகள்.

பத்திரம் எழுதிய அன்று ஸ்டர்ஜிஸ் வீட்டு வாசலுக்கே வந்து, "வீட்டைப் பத்திக் கவலையே வேண்டாம், அதுவும் வரலாறுதானே" என்று சொன்னார். எர்மெலிண்டா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அந்தக் காப்பியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

கூரைக்கும் அடித்தள மரங்களுக்குமாக அறுபத்திரண்டாயிரம் டாலர் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். பதில் இதுதான்: கட்டடம் 1911-இல் கட்டப்பட்டதே எனினும், பிற்காலத்தில் செய்த மாற்றங்களால் தன் மூல உருவத்தை இழந்துவிட்டது. மாற்றங்கள் இரண்டு. ஒன்று, உள்ளே கக்கூஸ். இரண்டு, அலுமினிய ஜன்னல்கள்.

கக்கூஸ் கதை இது. 1987-இல் இதே நகர மண்டபத்தின் சுகாதார அதிகாரி வந்து, தொண்ணூறு நாளில் வீட்டுக்குள் கக்கூஸ் கட்டாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அடெலினோவும் அவன் தங்கை ஜூல்மிராவும் உறைந்த மண்ணைக் கடப்பாரையால் பிளந்து குழாய் இறக்கினார்கள்.

ஜன்னல் கதை அதைவிட நன்றாக இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன் மேட்டின்மேல் இருக்கும் வெதரெல் மாளிகையை அந்த நிதியில் புதுப்பித்தார்கள். அதில் இருந்த அலுமினிய ஜன்னல்கள் வரலாற்றுக்கு அவமானம் என்று பெயர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அந்த இடத்தில் கையால் இழைத்த மர ஜன்னல்கள் வந்தன. கண்ணாடிகூட நேராக இருக்கக்கூடாதாம். பழைய காலத்துக் கண்ணாடி போல நெளிந்திருக்க வேண்டுமாம். அடெலினோ ஸ்டர்ஜிஸையே கேட்டான். "தாராளமா எடுத்துக்கோ" என்றார். டிரக்கில் ஏற்ற ஒரு பக்கம் கைகூடக் கொடுத்தார். அந்த ஜன்னல்கள் மேட்டில் இருந்தவரை மாளிகையின் வரலாற்றைக் கெடுத்தன. கீழே இறங்கியதும் இந்த வீட்டின் வரலாற்றைக் கெடுத்தன. எங்கே மாட்டினாலும் வேலை செய்யும் தரமான ஜன்னல்கள்.

"குளிர்ல செத்திருந்தா வரலாறு மிஞ்சியிருக்கும். கண்ணாடி போட்டு உசுரோட இருந்தது தப்பாப் போச்சு" என்றாள் எர்மெலிண்டா. கடிதத்தை நான்காக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள். மேசை ஆடாமல் நின்றது. குழுவிடமிருந்து அந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் உதவி.

*

இரண்டாவது உதவி மஞ்சள் அட்டை போட்ட சிறு புத்தகமாக வந்தது. ஊர் வாக்காளர்கள் எல்லோரும் கூடி ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் அக்டோபர் மாத நகரக் கூட்டத்தின் தீர்மானப் பட்டியல். அதை ஜூல்மிரா கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. ஊருக்குள் சொந்த வீடு. வரியும், வரிமேல் நூற்றுக்கு மூன்றும் கட்டுகிறவள். அந்த மூன்றை எப்போது சொன்னாலும் விரலைக் காட்டித்தான் சொல்வாள்.

அடுப்பில் ஜாக் வெந்துகொண்டிருந்தது. அரிசியும் மொச்சையும் சேர்ந்த சோறு. பக்கத்துச் சட்டியில் லிங்குவீசா என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டுகள் சிவந்த எண்ணெயில் பொரிந்தன. மேலே இருந்து ஒரு சொட்டு எண்ணெயில் விழுந்து சுள்ளென்று வெடித்தது. எர்மெலிண்டா மூடியைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு கிளறினாள்.

"அண்ணி, பத்தாவது தீர்மானத்தைக் கேளு. வெதரெல் குதிரைவண்டிக் கொட்டகையைப் புதுப்பிக்க ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். கூரைமேல காத்துத் திசை காட்டற தகரக் குதிரைக்குத் தங்க முலாம் உட்பட."

"உள்ள குதிரை இருக்கா?"

"வண்டியே இல்ல."

"அப்ப யாருக்கு?"

"வரலாத்துக்கு. சும்மா கேள்வி கேக்காத. பதினொண்ணாவதுதான் நமக்கு." ஜூல்மிராவின் குரல் இறங்கியது. "வெதரெல் வயல் திறந்தவெளித் திட்டம். ஒரு லட்சத்து நாப்பதாயிரம். நடைபாதை. பன்னெண்டு கார் நிறுத்த இடம். அப்புறம்... தற்போது உள்ள கட்டடத்தை அகற்றுதல்."

எர்மெலிண்டா மூடியைக் கீழே வைத்தாள்.

"தற்போது உள்ள கட்டடம்னா?" என்றான் அடெலினோ. அவனுக்குத் தெரியும். இருந்தாலும் யாராவது வாயால் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"நீ உக்காந்திருக்கியே அண்ணே, அதுதான்."

"இன்னும் இருக்கு" என்று ஜூல்மிரா படித்தாள். "இங்கே வாழ்ந்து உழைத்த பெர்ரித் தொழிலாளர்களின் வரலாற்றை விளக்கும் மூன்று தகவல் பலகைகள். பதினெட்டாயிரம். படமும் போட்டிருக்கான் பாரு."

படத்தில் பலகை இருந்தது. பலகைக்குள் ஒரு பழைய புகைப்படம். புகைப்படத்தில் இந்த வீடு. வாசலில் வரிசையாகப் பதினெட்டுப் பேர், மரப்பெட்டிகளோடு. இடது ஓரத்தில் தொப்பி போட்டவர் அடெலினோவின் அப்பா.

எர்மெலிண்டா அடுப்பை அணைத்தாள். கோபம் வந்தால் அவள் கத்துகிறவள் இல்லை. எதையாவது துடைப்பாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். "வீட்டை இடிச்சிட்டு, இடிச்ச இடத்துல வீட்டுப் படத்தை நட்டு வைப்பானா? நம்மளைத் துரத்திட்டு, நம்மளைப் பத்தி எழுதி வைப்பானா? காரை நிறுத்திட்டு வந்து அதை எவன் படிக்கப்போறான்? ஒண்ணுக்குப் போக இடம் தேடிட்டு வருவான் பாரு, அவன் படிப்பான்."

"அந்தப் பலகை எதுல செய்வாங்க?" என்றான் அடெலினோ.

"இதுவா இப்ப முக்கியம்?" என்றாள் எர்மெலிண்டா.

ஜூல்மிரா பக்கம் புரட்டினாள். "அலுமினியத் தகடு. ஆறுக்கு நாலு அடி. மழை, வெயில், பனி எதுக்கும் அசையாதாம். இருபத்தஞ்சு வருஷ உத்தரவாதம்."

அடெலினோ தலையாட்டிவிட்டுத் தட்டை நீட்டினான்.

"நம்ம கூரைக்குத் தர்ற மாதிரிக் கூட்டத்துல மாத்த முடியாதா?" என்று கேட்டாள் எர்மெலிண்டா.

"முடியாது. முதல் பக்கத்துலயே போட்டிருக்கான். இந்த நிதியில குழு சொன்னதைக் கூட்டம் குறைக்கலாம். கூட்ட முடியாது. புதுசா எதையும் சேர்க்கவும் முடியாது. வெட்ட மட்டும்தான் நமக்கு உரிமை."

துணியைப் பிடித்த எர்மெலிண்டாவின் கை மேசைமேல் நின்றது. "வெட்டலாமா?"

"வெட்டலாம்."

"எவ்வளவு வேணும்னாலுமா?"

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடெலினோ இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டான். பெண்கள் இப்படிப் பார்த்துக்கொள்ளும்போது வயிறு நிறைந்திருப்பது நல்லது என்று அவனுக்கு அனுபவம்.

*

கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அறுவடையின் உச்ச நாள். பெர்ரிக்காரர்கள் யாரும் வர முடியாத நாளாகப் பார்த்து வைத்தார்கள் என்று சொன்னால் அது பொய். பெர்ரிக்காரர்கள் என்று ஒரு இனம் இருப்பதே அவர்கள் நினைவுக்கு வரவில்லை. அதுதான் உண்மை.

முந்தின நாளே வயலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் விட்டிருந்தார்கள். சக்கர வண்டியை ஓட்டிக் கொடிகளை அலசியதில் பெர்ரிகள் கழன்று மேலே வந்து, பதினாலு ஏக்கரும் சிவப்பாக மிதந்தது. காலை ஏழு மணிக்கு நீரோரத்தில் பனி கண்ணாடித் தாள்போலப் படிந்திருந்தது. எர்மெலிண்டாவும் அடெலினோவும், பக்கத்து வயல்களிலிருந்து கைமாற்று வேலைக்கு வந்த பதினொரு பேரும், மஞ்சள் மிதவை வளையத்தை இழுத்துப் பெர்ரியை மூலைக்கு ஒதுக்கினார்கள். பனிக்காலம் வந்தால் எர்மெலிண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். ஆனால் உடம்பு தன் வேலை என்று நினைப்பது இதைத்தான். தண்ணீரின் கனம் தொடையில் ஏறும்; காலுக்கடியில் கொடி மெத்தைபோல அமுங்கும்; விரல் முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். நகரம் கொடுத்த உரிமச்சீட்டின்படி இதுதான் கடைசி அறுவடை. அடுத்த வருஷம் வயல் மறுபடி சதுப்பாகிவிடும். அதில் அவளுக்குக் கோபம் இல்லை. பெர்ரி விலை போகிற போக்கில் ஆமைகளாவது பிழைக்கட்டும். வீட்டைப் பற்றித்தான் கோபம்.

ஒன்பதரைக்கு அவள் மிதவையை விட்டாள். "கிளம்புங்க."

"காத்து வடமேற்குலேர்ந்து அடிக்குது" என்றான் அடெலினோ. "இப்ப விட்டா ரெண்டு மணி நேரத்துல எல்லாம் அந்தக் கரைக்குப் போயிரும். திரும்ப முதல்லேர்ந்து."

"போகட்டும்."

"நான் ஒருத்தன் நின்னு பாத்துக்கறேனே."

"யோவ், ஒரு ஓட்டுல போச்சுன்னா? அப்புறம் பெர்ரியைக் கொண்டுபோய் எந்த வீட்டுல உக்காந்து திம்பே?"

அடெலினோ காற்றைப் பார்த்தான், பெர்ரியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். மூன்றில் எது வேகம் என்று தெரிந்ததும் கரையேறினான்.

கால்சட்டை மாற்ற நேரமில்லை. பதிமூன்று பேரும் ரப்பரும் சேறுமாக, நடக்கும்போது தவளைபோலச் சத்தம் வர, பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குள் போனார்கள். வழுக்கும் தரையில் நீர்க்கோடு. வாக்காளர் பதிவு மேசையில் ஆரஞ்சு அட்டை கொடுக்கிற பெண், "தரையைப் புதுசா மெழுகு போட்டு வச்சிருக்கு" என்றாள். "எங்க வீட்டுத் தரையும் இப்படித்தாம்மா இருக்கும், வாங்க ஒருநாள்" என்றாள் எர்மெலிண்டா.

பத்தாவது தீர்மானம் ஆறு நிமிஷத்தில் நிறைவேறியது. இல்லாத குதிரைக்குக் கொட்டகையும், இருக்கும் தகரக் குதிரைக்குத் தங்கமும். பதினொன்று வந்தது. ஸ்டர்ஜிஸ் எழுந்தார். நல்ல மனுஷர். கம்பளிச் சட்டை, மென்மையான குரல். யாரைப் பற்றியும் கெட்ட வார்த்தை பேசாதவர். கெட்டவராக இருந்திருந்தால் எர்மெலிண்டாவுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

"இந்த மண்ணில் உழைத்தவர்களை நாம் மறக்கக்கூடாது" என்று அவர் முடித்தார். கைதட்டினார்கள்.

எர்மெலிண்டா மைக்குக்குப் போனாள். ஸ்டர்ஜிஸ் நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்தார். "சார், மறக்கக்கூடாதுன்னு சொல்றீங்களே, நான் இங்கதான நிக்கிறேன்?"

மேடையில் இருந்த கூட்டத் தலைவி மிசஸ் லோரிங் சுத்தியலைத் தட்டினாள். "ஒருத்தருக்கொருத்தர் பேசக்கூடாது. எதுவானாலும் எங்கிட்ட சொல்லணும்."

"சரி மேடம். அப்ப உங்ககிட்டயே சொல்றேன். அவர்கிட்ட சொல்லிருங்க. அவர் குப்பையில போட்ட ஜன்னலத்தான் என் புருஷன் எடுத்து மாட்டினார். வண்டியில ஏத்தினது அவரு. ஒரு பக்கம் அவர் பிடிச்சார், ஒரு பக்கம் என் புருஷன் பிடிச்சார். அந்த ஜன்னலாலதான் எங்க வீடு வரலாறு இல்லைன்னு அவரே எழுதியிருக்காரு. அது உண்மையான்னு கேட்டுச் சொல்லுங்க."

மிசஸ் லோரிங் வேறு வழியில்லாமல் ஸ்டர்ஜிஸ் பக்கம் திரும்பினாள். ஸ்டர்ஜிஸ் எழுந்து, "ஜன்னல் விஷயம்... ஆமா, எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

"மேடம், விதிமுறைய நானும் படிச்சேன்னு அவர்கிட்ட சொல்லிருங்க. கூட்ட முடியாது, குறைக்கலாம். நான் திருத்தம் கொண்டு வர்றேன். ஒரு லட்சத்து நாப்பதாயிரத்தைப் பதினெட்டாயிரமாக் குறைக்கணும். தகவல் பலகைக்கு மட்டும். எங்களைப் பத்தி எழுதியிருக்காரே, அதை வேண்டாம்னு சொன்னா மரியாதை இல்ல. இடிக்கவும் கார் நிறுத்தவும் ஒரு பைசா வேண்டாம்."

"வழிமொழிகிறேன்" என்று பின்னாலிருந்து மூன்று விரலைத் தூக்கினாள் ஜூல்மிரா.

அப்போது நடுவரிசையில் ஆல்டன் பெக் எழுந்தார். எண்பது வயது. முப்பது வருஷமாக எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்காத மனுஷர். தீயணைப்பு வண்டி வாங்கும்போது, பழைய வண்டி இன்னும் நனைக்கிறதே என்று கேட்டவர். எர்மெலிண்டாவின் ஆட்களை நாற்பது வருஷமாகப் பார்த்தும் ஒரு நாள் தலையாட்டியதில்லை. "இந்தப் பொம்பளை யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் மிச்சம்னு சொல்லுது. நான் ஓட்டுப் போடறேன்." அவர் பின்னால் எதற்கும் வேண்டாம் என்கிற இன்னும் முப்பது பேர் முனகினார்கள்.

எர்மெலிண்டாவுக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது, முத்தம் கொடுக்கலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அட்டையைத் தூக்கினாள்.

ஆம், இல்லை என்ற குரல்களில் எது பெரிது என்று தெரியவில்லை. எண்ணினார்கள். எண்ணுகிறவர் பெர்ரிக்காரர்களின் வரிசைக்கு வந்ததும் கால் வழுக்கி, ஜூல்மிராவின் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஆதரவு எழுபத்தொன்று. எதிர்ப்பு எழுபது.

எர்மெலிண்டா மெதுவாகத் திரும்பி அடெலினோவைப் பார்த்தாள். அவன் ஆரஞ்சு அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், அது ஏதோ அவன் செய்த பொருள் மாதிரி.

பெர்ரி அத்தனையும் எதிர்க் கரைக்குப் போயிருந்தது. இருட்டும்வரை இழுத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

*

வீடு நின்றது. கூரை நிற்கவில்லை. பனி உருகியபோது கட்டிலுக்கு மேலிருந்த ஓட்டை சாப்பாட்டுத் தட்டு அளவானது. நகரத்துக்கு இடிக்கவும் பணமில்லை, ஒட்டவும் பணமில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று ஸ்டர்ஜிஸ் வருத்தத்தோடு எழுதினார். மேசையின் இன்னொரு காலுக்கு அது உதவியது.

மே மாதம் பலகைகள் வந்தன. வாசலுக்கு எதிரிலேயே மூன்றையும் நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்து, 'இங்கே வாழ்ந்தார்கள்' என்று படித்துவிட்டு, துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் எர்மெலிண்டாவை, வழி மறைக்கிறாளே என்பது போலப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி கதவைத் தட்டி உள்ளே பார்க்கலாமா என்று கேட்டாள். "நாங்க இன்னும் சாகல, அப்புறம் வாங்க" என்று எர்மெலிண்டா கதவைச் சாத்தினாள்.

ஜூன் முதல் வாரம் ஸ்டர்ஜிஸ் வந்தார். தனியாக, குடையோடு. வாசலில் ஆறு கால்கள் நட்டபடி இருந்தன. மேலே ஒன்றும் இல்லை.

"எர்மெலிண்டா, பலகையெல்லாம் காணோமே. போலீஸ்ல சொல்லணும்."

"எதுக்கு போலீஸு? எங்கயும் போகல. உள்ள வாங்க சார். காலைத் துடைக்க வேண்டாம்."

அவரைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனாள். கட்டில் நடுவில் இருந்தது. அதன்மேல் வாளி இல்லை. "அண்ணாந்து பாருங்க. கழுத்து வலிச்சா படுத்துக்கலாம், தப்பில்ல."

ஸ்டர்ஜிஸ் அண்ணாந்தார். கூரையின் ஓட்டை வழியாக, எழுத்து கீழே பார்க்க, பலகை தெரிந்தது. அடெலினோவின் அப்பா தொப்பியோடு மேலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை வலுத்தது. தகட்டின்மேல் சடசடவென்று விழுந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

"அடுப்புக்கு மேல ஒண்ணு, டிவிக்கு மேல ஒண்ணு" என்றான் கதவருகே நின்ற அடெலினோ. "நல்ல சாமான். பொய் சொல்லக்கூடாது."

ஸ்டர்ஜிஸ் தலையைக் கீழே இறக்கினார். முகம் சிவந்திருந்தது. "இது நகரத்துச் சொத்து" என்றார்.

"வீடும் நகரத்துச் சொத்துதான். ஒண்ணுமேல ஒண்ணு இருக்கு."

"நான் இதை விட முடியாது, எர்மெலிண்டா. முறைப்படி உங்களுக்குக் கடிதம் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க" என்றாள் எர்மெலிண்டா. குளியலறையிலிருந்து வாளியில் நீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "காகிதத்துல வேண்டாம். இதே தகட்டுல எழுதி அனுப்புங்க, ஆறுக்கு நாலு. இன்னும் ஒரு ஓட்டை பாக்கியிருக்கு."